டேட்டா லாகர் அலாரம் வீணாகக் கத்துகிறதா, கத்தவே இல்லையா? அறிகுறி வாரியாகப் பிழை தேடும் வழி

பெங்களூரு பீன்யா தொழிற்பேட்டையில் இரவு ஷிஃப்ட் தொடங்கி இரண்டு மணி நேரம் ஆனதும் என் தொலைபேசி அடிக்கும். "அண்ணா, நாலாவது சேனல் மறுபடியும் கத்துகிறது. அலாரத்தை அணைத்து வைத்துவிடட்டுமா?" கேட்பவன் பெரும்பாலும் ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பையனாக இருப்பான். "அணைக்காதே தம்பி, அலாரப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பு" என்பேன். முலாம் பூசும் பட்டறை, குளிர்கிடங்கு, மருந்து ஆலை, வெப்பப் பதனிடும் உலை என்று இடம் மாறும். லாகரின் (ஒவ்வொரு சென்சாரின் அளவையும் ஒரு சேனலில் பதிவு செய்து, எல்லை தாண்டினால் அலாரம் அடிக்கும் பெட்டி) பெயர்ப்பலகையும் மாறும். கோளாறுகள் மட்டும் திரும்பத் திரும்ப அதே ஏழெட்டுதான். தொலைபேசியில் ஒப்பித்து அலுத்துப்போனதால் எழுதி வைக்கிறேன். உங்கள் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில் வரும், பணம் கேட்கும் காரணம் கடைசியில்.

## எதையும் தொடுவதற்கு முன்

சேனல் வகை, ரேஞ்ச், ஸ்கேலிங் (சிக்னலை அளவாக மாற்றும் கணக்கு), அலாரம் எல்லை, ஹிஸ்டெரிசிஸ் (அடித்த அலாரம் அடங்க, அளவு எல்லையிலிருந்து எவ்வளவு திரும்ப வேண்டும் என்பது), தாமதம், ரிலே (ஹூட்டரை இயக்கும் சுவிட்ச்) எண் என்று அமைப்புத் திரையின் ஒவ்வொரு பக்கத்தையும் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சில லாகர்களில் சேனல் வகையை மாற்றிய அந்தக் கணமே அதன் அலாரம் எல்லைகள் அழிந்து, பெட்டியிலிருந்து எடுத்தபோது இருந்த நிலைக்குப் போய்விடும். பழைய எண் என்னவென்று அப்போது யாரைக் கேட்பது? மருந்து ஆலையாக இருந்தால் இன்னொரு படி உண்டு. அங்கே ஒவ்வொரு மாற்றமும் தணிக்கைப் பதிவில் விழும். தர உறுதிப் பிரிவுக்குச் சொல்லாமல் ஹிஸ்டெரிசிஸைத் தொட்டால் அலாரம் சரியாகும், உங்கள் வேலை ஆட்டம் காணும்.

அடுத்தது, டெர்மினலில் வெட்டிப் பார்ப்பது. சென்சார் கம்பியைக் கழற்றி, அதே இடத்தில் மதிப்பு தெரிந்த ஒரு சிக்னலைக் கொடுங்கள். லாகர் சரியாகக் காட்டினால் கோளாறு வெளியே, தவறாகக் காட்டினால் உள்ளே. என் பிழைப்பு ஓடுவதே இந்த ஒரு பழக்கத்தால்தான்.

தெர்மோகப்பிள் (இரு வேறு உலோகக் கம்பிகள் சேர்ந்த வெப்ப சென்சார்) சேனலுக்கு ஒரு துண்டுச் செம்புக் கம்பி போதும். பிளஸ், மைனஸ் இரண்டையும் சேர்த்துவிட்டால் டெர்மினல் பக்கத்து வெப்பநிலையைக் காட்ட வேண்டும். பேனலுக்குள் கை வைத்தால் எப்படி இருக்கிறதோ அதற்கு ஒத்துப்போகும் ஓர் எண், முப்பதை ஒட்டி. பிடி 100 (சூட்டுக்கு ஏற்ப ஓம் மாறும் பிளாட்டினம் சென்சார்) சேனலுக்கு 100 ஓம் துல்லிய ரெசிஸ்டர் ஒன்று; எஸ்.பி. சாலைக் கடைகளில் கிடைக்கும். அதை மாட்டி, மூன்றாவது கம்பியின் டெர்மினலையும் உரிய முனையோடு இணைத்தால் 0 டிகிரி வர வேண்டும். மில்லியாம்பியர் சேனலுக்கு மட்டும் லூப் கேலிபரேட்டர் (கேட்ட மின்னோட்டத்தைக் கொடுக்கும் கருவி) தேவை. அளவின் அடிமட்டம் 4 மில்லியாம்பியர், உச்சம் 20 என்பதுதான் 4-20. 12 மில்லியாம்பியர் கொடுத்தால் 4-20 ரேஞ்சின் சரிபாதியைக் காட்ட வேண்டும்.

கம்பியைக் கழற்றும் முன் அந்தச் சிக்னல் வேறு எங்கே போகிறது என்று பாருங்கள். ஒரே லூப்பில் (ஒரே மின்னோட்டம் ஓடும் சுற்றில்) லாகரும் கன்ட்ரோலரும் வரிசையாக மாட்டப்பட்டிருப்பது சாதாரணம். நீங்கள் இங்கே கழற்றினால் அங்கே வால்வு திறந்துகொள்ளும். ஆபரேட்டரிடம் சொல்லி, கன்ட்ரோலரை மேனுவலுக்கு மாற்றிய பிறகே ஸ்க்ரூ டிரைவரை எடுங்கள். அந்தச் சிக்னல் கொதிகலன் நிறுத்தம், வாயுக் கசிவு நிறுத்தம் போன்ற பாதுகாப்புச் சுற்றுக்குப் போகிறது என்றால் தொடவே வேண்டாம். அந்தச் சுற்றுக்குப் பொறுப்பானவரைக் கூப்பிடுங்கள்.

## அறிகுறி: அளவு ரேஞ்சுக்கு வெளியே போய் ஒரே இடத்தில் நிற்கிறது

### 4-20 மில்லியாம்பியர் சேனல், எதிர்மறை எண்

0-10 பார் ரேஞ்சில் -2.5 என்று காட்டுகிறதா? லூப்பில் மின்னோட்டமே இல்லை. ரேஞ்ச் பூஜ்யத்தில் தொடங்கினால், பூஜ்யம் மில்லியாம்பியருக்கு லாகர் போடும் கணக்கு ரேஞ்சில் கால் பங்கு, எதிர்மறையில். 0-16 பாருக்கு -4, 0-400 டிகிரிக்கு -100. இந்த எண்ணைப் பார்த்ததும் சென்சாரைச் சந்தேகிக்காதீர்கள்.

முதலில் டெர்மினலில் கம்பியை மெல்ல இழுத்துப் பாருங்கள். ஸ்க்ரூ உறையின் மேல் கடித்திருக்கும், செம்பைத் தொட்டிருக்காது. அடுத்து 24 வோல்ட் சப்ளையின் ஃப்யூஸ். அதற்கடுத்து பிளஸ், மைனஸ் மாறியிருக்கிறதா என்பது. யாராவது சமீபத்தில் டிரான்ஸ்மிட்டர் (சென்சாரின் அளவை மில்லியாம்பியராக்கி அனுப்பும் கருவி) மாற்றியிருந்தால் இதை முதலிடத்துக்குக் கொண்டுவாருங்கள். இன்னொன்றும் உண்டு: இரண்டு கம்பி டிரான்ஸ்மிட்டருக்குச் சக்தி கொடுப்பது லாகரா, வெளி சப்ளையா? இருவரும் மற்றவர் கொடுப்பார் என்று காத்திருந்தால் லூப் செத்துக் கிடக்கும். மல்டிமீட்டரை மில்லியாம்பியருக்கு மாற்றி லூப்பில் வரிசையாகச் சேருங்கள். மாறாக, 24 வோல்ட்டின் இரு முனைகளுக்குக் குறுக்கே அப்படியே வைத்தால் மீட்டரின் ஃப்யூஸ் போய்விடும். எனக்கு மூன்று முறை போயிருக்கிறது.

எல்லாம் சரி, மின்னோட்டம் 3.6-க்குக் கீழேயோ 21-க்கு மேலேயோ நிற்கிறது என்றால் டிரான்ஸ்மிட்டர் தானே தன் கோளாறைச் சொல்கிறது. ஆலைத் தானியக்கக் கருவிப் பயனர்களின் சங்கமான நாமூரின் என்.இ. 43 பரிந்துரையைப் பின்பற்றும் கருவிகள் 3.8 முதல் 20.5 வரையே அளவுக்குப் பயன்படுத்தும். அதைத் தாண்டியது கோளாறு அறிவிப்பு. இந்த எல்லைகளை லாகரில் தனி அலாரமாக வைத்துவிடுங்கள். கம்பி அறுந்ததற்கும் அழுத்தம் குறைந்ததற்கும் ஒரே ஹூட்டர் அடித்தால் இரவில் யாருக்குப் புரியும்? டிரான்ஸ்மிட்டர் தலையில் 24 வோல்ட் சரியாக வந்தும் 3.6-க்குக் கீழே நின்றால், அது மாற்ற வேண்டிய பொருள். விற்பனையாளரைக் கூப்பிடும் இடம் அதுதான்.

### தெர்மோகப்பிள் அல்லது பிடி 100, உச்சத்திலோ அடியிலோ ஒட்டிக்கொண்டது

சென்சார் அறுந்தால் அளவு மேலே போக வேண்டுமா, கீழே போக வேண்டுமா என்பதை பர்ன்-அவுட் அமைப்பு முடிவு செய்கிறது. லாகரில் 1300-க்கும் மேலே எண் ஓடி நின்றால் உலை எரிந்துவிடவில்லை, தெர்மோகப்பிள் அறுந்திருக்கிறது. கழற்றி ஓம் பாருங்கள். தெர்மோகப்பிள் சில ஓம்கள் காட்ட வேண்டும். பிடி 100 என்றால் ஒரே நிறத்துக் கம்பிகள் இரண்டுக்கும் நடுவே ஓர் ஓமோ இரண்டோ, நிறம் மாறிய கம்பிக்கும் அவற்றுக்கும் நடுவே 25 டிகிரி அறையில் சுமார் 110 ஓம். இந்த இரண்டும் வந்தால் சென்சார் நலம்.

இதில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். சூடாக்கும் இடத்தில் பர்ன்-அவுட்டை மேலே போகும்படி வையுங்கள். கீழே போகும்படி வைத்திருந்த ஓர் உலையில் சென்சார் அறுந்ததும் லாகர் "குளிர்ந்துவிட்டது" என்று நம்பியது. உயர் அலாரம் மௌனமாக இருந்தது. உள்ளே இருந்த சரக்கு கரியாகிக்கொண்டிருந்தது.

## அறிகுறி: அளவு வருகிறது, ஆனால் தவறாக வருகிறது

இங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும். பிழை எந்த விதத்தில் மாறுகிறது என்பதைப் பார்த்தாலே காரணத்தில் பாதி தெரிந்துவிடும்.

### கீழே அதிகம், மேலே போகப் போகச் சரியாகிறது

அழுத்தம் பூஜ்யமாக இருக்கும்போது 10 பார் ரேஞ்சில் 2 பார் காட்டுகிறது. முழு அழுத்தத்தில் மிகச் சரியாக 10. டிரான்ஸ்மிட்டர் 4-20, சேனல் 0-20 என்று அமைக்கப்பட்டிருக்கிறது. 250 ஓம் ரெசிஸ்டர் போட்டு 1-5 வோல்ட்டாக வாங்குகிறீர்கள் என்றால், சேனலில் 0-5 வோல்ட் என்று இருக்கும். அமைப்பை மாற்றினால் வேலை முடிந்தது. இதற்காக ஆஃப்செட்டில் (எல்லா அளவோடும் கூட்டப்படும் எண்) -2 போட்டு வைத்த ஒரு பேனலைப் பார்த்திருக்கிறேன். பூஜ்யத்தில் சரி, உச்சத்தில் 8. அங்கே 9 பாருக்கு வைத்த உயர் அலாரம் என்றைக்குமே அடித்திருக்காது.

### எங்கேயும் பாதிக்கும் குறைவு

லாகருக்குள்ளேயே 250 ஓம் இருக்கிறது. வெளியிலும் ஒருவர் 250 ஓம் மாட்டியிருக்கிறார். இரண்டும் இணையாகச் சேர்ந்து 125 ஆகிவிட்டது. 20 மில்லியாம்பியரில் 5 வோல்ட்டுக்குப் பதில் இரண்டரை வோல்ட்தான் கிடைக்கும். ஒன்றைக் கழற்றுங்கள்.

### கீழே சரி, மேலே ஒரு புள்ளிக்கு மேல் ஏறவில்லை

டிரான்ஸ்மிட்டருக்கு மூச்சுத் திணறல். 24 வோல்ட் சப்ளை 17, 18-க்கு இறங்கியிருக்கலாம், அல்லது லூப்பில் லாகர், டிஸ்ப்ளே, பி.எல்.சி. (ஆலையைக் கட்டுப்படுத்தும் கணினி) என்று சுமை கூடியிருக்கலாம். 250 ஓம் ஒன்று 20 மில்லியாம்பியரில் 5 வோல்ட்டை விழுங்கும். மூன்று சேர்ந்தால் 15. மிச்சத்தில் டிரான்ஸ்மிட்டர் எப்படிப் பிழைக்கும்? உயர் அளவு ஓடும்போது டிரான்ஸ்மிட்டரின் முனைகளில் வோல்டேஜ் பார்த்து, அதன் கையேட்டில் சொன்ன குறைந்தபட்சத்தோடு ஒப்பிடுங்கள். சுமையைக் குறையுங்கள் அல்லது சிக்னல் ஐசொலேட்டர் (சிக்னலைப் பிரித்துத் தனிச் சுற்றில் கொடுக்கும் கருவி) வாங்குங்கள். இதில் கொஞ்சம் பணம் போகும்.

### அறை வெப்பத்தில் சரி, சூடேறச் சூடேறத் தப்பு

தெர்மோகப்பிளின் தனிப்பட்ட வியாதி இது. நான்கு காரணங்கள் உண்டு. அத்தனையும் அறை வெப்பத்தில் நல்லபிள்ளையாக நடிக்கும்.

ஒன்று, வகை மாறியிருப்பது. உலோக ஜோடியைப் பொறுத்து ஜே, கே என்று வகைகள் உண்டு. ஜே வகை சென்சாரை மாட்டிவிட்டு சேனலை கே என்று வைத்தால், 100 டிகிரியில் லாகர் 122-ஐ ஒட்டிக் காட்டும். எதிர்ப்பக்கமாக, கே சென்சாரை ஜே சேனலில் மாட்டினால் 83 அளவில் நிற்கும். அமைப்பு மாற்றம் மட்டும்தான், செலவில்லை.

இரண்டு, முனை மாறியிருப்பது. சூடாக்கினால் அளவு இறங்கும், சந்தேகமே வராது. இங்கே நிறம்தான் ஆளைக் கவிழ்க்கிறது. அமெரிக்க முறையில் சிவப்பு மைனஸ். கே வகைக்கு மஞ்சள் பிளஸ். ஐ.இ.சி. (சர்வதேச மின்தர) முறையில் கே வகைக்குப் பச்சை பிளஸ், வெள்ளை மைனஸ். இரண்டு விதக் கம்பியும் நம் கடைகளில் கிடைக்கின்றன. "சிவப்பு என்றால் பிளஸ்" என்று வயரிங் வேலையில் பழகிய கை யோசிக்காமல் மாட்டிவிடும்.

மூன்று, காம்பென்சேட்டிங் கேபிளுக்கு (அந்தத் தெர்மோகப்பிள் வகைக்கு ஒத்த நீட்டிப்புக் கம்பி) பதிலாகச் சாதாரணச் செம்புக் கம்பி. சென்சார் தலை 60 டிகிரியிலும் பேனல் 30 டிகிரியிலும் இருந்தால் லாகர் முப்பது டிகிரி குறைத்துக் காட்டும். பழைய கேபிள் அறுந்தபோது எலக்ட்ரீஷியன் கையில் கிடைத்ததை இட்டு ஒட்டியிருப்பார். கேபிள் டிரேயை முழுதும் நடந்து பாருங்கள், இன்சுலேஷன் டேப் சுற்றிய இடம் கண்ணில் படும்.

நான்காவதுதான் பொல்லாதது. காம்பென்சேட்டிங் கேபிள் சரியான வகைதான். ஆனால் சென்சார் தலையிலும் மாற்றிக் கட்டி, பேனலிலும் மாற்றிக் கட்டியிருப்பார்கள். இரண்டு தப்பு சேர்ந்து, அளவு ஒழுங்காக ஏறும். ஆனால் தலைக்கும் பேனலுக்கும் உள்ள வித்தியாசத்தைப்போல் இரு மடங்கு குறைவாக. மேலே சொன்ன அதே 60, 30 கணக்கில் அறுபது டிகிரி போய்விடும். இரண்டு முனையிலும் நிறத்தைப் பார்க்காமல் இதைக் கண்டுபிடிக்க முடியாது.

### எப்போதும் ஒரே அளவுக்கு அதிகம்

பிடி 100-இல் கேபிளின் ஓம் உள்ளே வந்துவிட்டது. ஒரு டிகிரிக்கு 0.385 ஓம் என்பதால், ஓர் ஓம் கூடினால் இரண்டரை டிகிரிக்கு மேல் பிழை. அரை சதுர மில்லிமீட்டர் கம்பி போய்வர 60 மீட்டர் என்றால் இரண்டு ஓமைத் தாண்டும். ஐந்தாறு டிகிரி அதிகம் காட்டும். மூன்று கம்பி சென்சாரை இரண்டு கம்பியாக மாட்டியிருக்கிறார்களா, சேனலில் "2 கம்பி" என்று தேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கேபிளைத் தொடும்போதெல்லாம் இரண்டு மூன்று டிகிரி ஆடினால் மூன்றாவது கம்பியின் டெர்மினல் தளர்ந்திருக்கிறது.

இரண்டும் இல்லையென்றால் ஆஃப்செட் பக்கத்தைத் திறங்கள். இதற்கு ஒரு கதை உண்டு.

ஒரு குளிர்கிடங்கில் 2 முதல் 8 டிகிரி வரை வைக்க வேண்டிய சரக்கு. தினமும் பகலில் உயர் அலாரம். குளிர்சாதன மெக்கானிக் இரண்டு முறை வந்து வாயு நிரப்பிவிட்டுப் போனார், அதற்கும் காசு. நான் பார்த்தபோது எல்லாச் சேனல்களிலும் ஆஃப்செட் +3. கேட்டால், "கொதிநீரில் வைத்துச் சரிபார்த்தோம் சார், எல்லாச் சென்சாரும் 97 காட்டியது, அதனால் மூன்று கூட்டினோம்" என்கிறார்கள். சென்சார்கள் உண்மையைத்தான் சொல்லியிருந்தன. பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே தண்ணீர் கொதிப்பது 97 டிகிரியை ஒட்டித்தான். உண்மையில் ஐந்தரை டிகிரியில் இருந்த அறையை லாகர் எட்டரை என்று கத்திக்கொண்டிருந்தது. சென்னையில் படித்த பாடத்தை இங்கே ஒப்பித்ததன் பலன்.

ஆகவே கொதிநீரை விடுங்கள். ஃப்ளாஸ்க்கில் நொறுக்கிய பனிக்கட்டியை நிறைத்து, இடுக்குகள் மூழ்கும் அளவுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றி, சென்சாரை நடுவில் வைத்துப் பத்து நிமிடம் காத்திருங்கள். 0 வர வேண்டும். பனிக்கட்டிக்கு மலையும் கடலும் ஒன்றுதான். அரை டிகிரிக்கு மேல் தள்ளி நின்றால் ஆஃப்செட்டைத் தொடாமல், என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களை அங்கீகரிக்கும் இந்திய அமைப்பு) அங்கீகாரம் உள்ள அளவுத்திருத்த ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். அவர்கள் பல புள்ளிகளில் பார்த்துச் சான்று தருவார்கள். ஒற்றைப் புள்ளியில் நீங்கள் கூட்டியதும் கழித்ததும் தணிக்கையில் நிற்காது.

## அறிகுறி: அளவு துள்ளுகிறது

எப்போது துள்ளுகிறது என்று கேளுங்கள். மோட்டார் ஓடும்போது மட்டும் என்றால் வி.எஃப்.டி. (மோட்டார் வேகத்தை மாற்றும் கருவி) பக்கம் பாருங்கள். சிக்னல் கேபிளும் மோட்டார் கேபிளும் ஒரே டிரேயில் படுத்திருக்கும். தள்ளி இழுங்கள், கடக்க வேண்டிய இடத்தில் குறுக்காக மட்டும் கடக்கட்டும். ஷீல்டு (கேபிளைச் சுற்றியுள்ள உலோகப் போர்வை) இரு முனையிலும் எர்த் செய்யப்பட்டிருந்தால் ஒரு முனையைக் கழற்றுங்கள், பேனல் பக்கம் மட்டும் இருக்கட்டும். ஷீல்டு எங்குமே எர்த் ஆகாமல் டேப் சுற்றி விடப்பட்டிருப்பதும் உண்டு.

கம்பியைத் தொடுமுன் ஒரு நிமிட வேலை ஒன்று இருக்கிறது. லாகரில் மின்அலைவு வடிகட்டி 50-ஆ, 60-ஆ? அமெரிக்காவுக்கு என்று அமைத்து வந்த பெட்டியில் 60 இருக்கும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஒரு சுற்று 20 மில்லி விநாடி. அதை 50-க்கு மாற்றியதும் பாதித் துள்ளல் அடங்கிய லாகர்கள் உண்டு.

எல்லாத் தெர்மோகப்பிள் சேனல்களும் ஒன்றாகச் சேர்ந்து மெல்ல ஏறி இறங்கினால் சென்சார்கள் குற்றவாளிகள் அல்ல. லாகரின் டெர்மினல் மீது ஏ.சி. காற்றோ பேனல் விசிறியோ நேராக அடிக்கிறது. கோல்டு ஜங்ஷன் (தெர்மோகப்பிள் கம்பி லாகரில் முடியும் இடம்; அதன் வெப்பத்தை லாகர் தனியாக அளந்து கணக்கில் சேர்க்கும்) குழம்புகிறது. ஓர் அட்டையை மறைப்பாக வைத்துப் பாருங்கள். அடங்கினால் டெர்மினல் மூடியை வாங்கிப் பொருத்துங்கள்.

ஹீட்டர் ஆன் ஆகும்போது மட்டும் ஒரு சேனல் எகிறினால், சென்சாரின் முனை உறையோடு ஒட்டியிருக்கிறது. தொட்டியின் மின்னழுத்தம் கம்பி வழியே லாகருக்குள் வருகிறது. தொட்டிக்கும் லாகர் எர்த்துக்கும் நடுவே ஏ.சி. வோல்டேஜ் பாருங்கள். ஓரிரு வோல்ட் என்றால் முனை தனித்த சென்சார் வாங்கிப் போடலாம். அதற்கு மேல் என்றால் ஹீட்டரில் கசிவு. அங்கே லாகர் வேலை முடிந்து உயிர் சம்பந்தப்பட்ட வேலை தொடங்குகிறது. மெயினை நிறுத்திவிட்டு உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

## அறிகுறி: ஒன்றும் மாட்டாத சேனல் எதையோ காட்டுகிறது

பக்கத்துச் சேனலின் அளவைக் காப்பியடிக்கும். பேய் இல்லை. ஒரே அளவி வரிசையாகச் சேனல்களைத் தொட்டுப்போகும்போது முந்தியதின் மிச்சம் அங்கே தங்கிவிடுகிறது. பயன்படுத்தாத சேனலை அமைப்பில் அணையுங்கள். அணைக்க வழியில்லை என்றால் முனைகளைச் சேர்த்துக் கட்டுங்கள்.

## அறிகுறி: அலாரம் விட்டு விட்டு அடிக்கிறது

எல்லை 8 டிகிரி, அளவு 7.9, 8.1, 7.9 என்று ஆடுகிறது, ஹூட்டர் விக்குகிறது. ஹிஸ்டெரிசிஸ் பூஜ்யமாக இருக்கும். அரை டிகிரி கொடுத்தால் 8-இல் அடித்து, 7.5-க்கு இறங்கிய பிறகுதான் அடங்கும். அதோடு தாமதமும் கொடுக்கலாம். குளிர்கிடங்குக் கதவு திறந்து சரக்கு ஏற்ற எத்தனை நிமிடம் ஆகும் என்று இரண்டு நாள் பதிவைப் பார்த்து, அதைவிடச் சற்று அதிகம் வையுங்கள். ஆளாளுக்கு ஊகிக்க வேண்டியதில்லை, லாகரிடமே பதில் இருக்கிறது. அழுத்தத்துக்கும் மோட்டார் பேரிங் சூட்டுக்கும் இந்தத் தாராளம் கூடாது. அங்கே விநாடிகளில் வையுங்கள்.

தொல்லை தாங்காமல் எல்லையை 8-லிருந்து 10-க்கு நகர்த்துவது நம் ஊர் வழக்கம். அப்போதே பேசாமல் ஹூட்டரைக் கழற்றி வீட்டுக்கு எடுத்துப்போகலாம்.

## அறிகுறி: அடித்த அலாரம் அடங்கவே மாட்டேன் என்கிறது

லாட்ச் ஆன் ஆகியிருக்கிறதா? அப்படியென்றால் அளவு திரும்பினாலும் யாராவது ரீசெட் செய்யும் வரை நிற்கும். அக்னாலெட்ஜ் வேறு, ரீசெட் வேறு: முன்னது சத்தத்தை மட்டும் நிறுத்தும்.

லாட்ச் இல்லையென்றால் ஹிஸ்டெரிசிஸின் அலகைப் பாருங்கள். சில லாகர்கள் அதை டிகிரியில் கேட்கும், சில ரேஞ்சின் சதவீதத்தில். -200 முதல் 800 வரை ரேஞ்ச் வைத்து "1" என்று கொடுத்தால் அது ஒரு டிகிரி ஆகாது. ஆயிரத்தில் ஒரு சதவீதம், பத்து டிகிரி. 8-இல் அடித்த அலாரம் -2 வந்தால்தான் அடங்கும். தடுப்பூசி உறைந்துவிடும், அலாரம் அடங்காது.

திரையில் அலாரம் போய்விட்டது, ஹூட்டர் மட்டும் அடிக்கிறது என்றால் ரிலே. சப்ளையை நிறுத்திவிட்டு முனைகளில் தொடர்ச்சி பாருங்கள். சப்ளை இல்லாதபோதும் நார்மலி ஓப்பன் (சும்மா இருக்கும்போது பிரிந்திருக்க வேண்டிய) முனை சேர்ந்தே இருந்தால் காண்டாக்ட் உருகி ஒட்டிவிட்டது. லாகரின் சின்ன ரிலேயில் 230 வோல்ட் காண்டாக்டர் காயிலை நேராக மாட்டியதன் கூலி. நடுவில் 24 வோல்ட் ரிலே ஒன்றைப் போட்டு, அதன் காயிலுக்குக் குறுக்கே டயோடும் வையுங்கள். சில நூறு ரூபாய்தான். ஒட்டிப்போன ரிலே கார்டைத் திறந்து சால்டர் செய்யும் ஆசை வரும். உத்தரவாதக் காலம் முடியாத கருவியில் அதைச் செய்யாமல் சர்வீஸுக்கு அனுப்புங்கள்.

## அறிகுறி: அளவு எல்லை தாண்டியது, அலாரம் அடிக்கவில்லை

திரையில் அலாரம் நிலை வந்ததா, வரவில்லையா? முதலில் இந்தக் கிளையைப் பிரியுங்கள்.

வரவில்லை என்றால்: அலாரம் இயக்கத்தில் இருக்கிறதா; உயர் எல்லை என்பதற்குப் பதில் தாழ் எல்லை தேர்ந்திருக்கிறதா; தாமதம் விநாடியா, நிமிடமா; ஏதாவது டிஜிட்டல் இன்புட் அலாரத்தைத் தடுக்கும்படி இணைக்கப்பட்டு, அந்தச் சுவிட்ச் ஆனிலேயே கிடக்கிறதா. கடைசியாகச் சொன்னது பராமரிப்பு நாளில் போட்டு மறந்துபோவது. இவை சரியென்றால் ஸ்கேன் இடைவெளி. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை விழிக்கும் லாகர், இரண்டு நிமிடம் வந்துபோன அழுத்த எழுச்சியைப் பார்க்காமலேயே விட்டுவிடலாம். சராசரியின் மேல் அலாரம் வைத்திருந்தாலும் இதே கதிதான்.

திரையில் வந்து ஹூட்டர் அடிக்கவில்லை என்றால்: அந்த அலாரம் எந்த ரிலேயோடு இணைக்கப்பட்டிருக்கிறது? "ஒன்றுமில்லை" என்று இருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ரிலே டிக்கென்று சத்தமிட்டும் ஹூட்டர் மௌனம் என்றால் நார்மலி ஓப்பன், க்ளோஸ்டு முனை மாறியிருக்கலாம், ஹூட்டரின் ஃப்யூஸ் போயிருக்கலாம், ஹூட்டருக்குள் குளவி கூடு கட்டியிருக்கலாம். மூன்றாவதும் நடந்ததுதான்.

ரிலேயை ஃபெயில்சேஃப் முறையில் வைக்க வசதி இருந்தால் வையுங்கள்: நலமாக இருக்கும்போது காயில் இழுத்த நிலையில், கோளாறிலும் மின்வெட்டிலும் விட்ட நிலையில். லாகரே செத்தாலும் ஹூட்டர் கத்தும். ஹூட்டருக்குத் தனி பேட்டரி சப்ளை இருக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

சோதிக்கும்போது அளவை எல்லைக்குக் கொண்டுபோங்கள், எல்லையை அளவுக்குக் கொண்டுவராதீர்கள். சோதனை முடிந்து பழைய எண்ணைத் திரும்பப் போட மறந்த ஆட்களில் நானும் ஒருவன்.

## அறிகுறி: மின்சாரம் போய் வந்ததும் எல்லாச் சேனல்களும் அலறுகின்றன

மின்வெட்டு, ஜெனரேட்டர் மாற்றம், மறுபடி மெயின். லாகர் யு.பி.எஸ்.ஸில் இருக்கிறது, டிரான்ஸ்மிட்டர்களின் 24 வோல்ட் சப்ளை மட்டும் நேரடி மெயினில். சப்ளையையும் யு.பி.எஸ்.ஸுக்கு மாற்றுங்கள். முடியாவிட்டால் தொடக்கத் தாமதம் ஒரு நிமிடம் கொடுங்கள். மின்சாரம் நிலைத்த பிறகும் ஒரு சேனல் மட்டும் திரும்பாமல், டெர்மினலில் கொடுத்த தெரிந்த சிக்னலுக்கும் தப்பாகவே காட்டினால் உள்ளீட்டுக் கார்டு அடி வாங்கியிருக்கிறது. காலியான சேனலுக்கு மாற்றிக்கட்டி ஆலையை ஓட்டுங்கள், மறுநாள் சர்வீஸுக்குச் சொல்லுங்கள். கருகிய வாசம் வந்தாலோ, டெர்மினலில் எப்போதாவது 230 வோல்ட் பட்டிருந்தாலோ மாற்றிக்கட்டும் சோதனையும் வேண்டாம். முழுப் பெட்டியையும் கழற்றி அனுப்புங்கள்.

## அறிகுறி: ஹூட்டர் அடிக்கிறது, மின்னஞ்சலோ குறுஞ்செய்தியோ வரவில்லை

ஜிமெயில் கணக்கின் சாதாரணக் கடவுச்சொல்லைப் பழைய லாகரில் போட்டிருந்தால் அது 2022 மே 30-க்குப் பிறகு செல்லாது. இருபடிச் சரிபார்ப்பை இயக்கி, ஆப் பாஸ்வேர்ட் என்று தனியாக உருவாக்கி, அதை லாகரில் போட வேண்டும். குறுஞ்செய்தி என்றால் பேனலுக்குள் இருக்கும் சிம் கார்டுக்குக் கடைசியாக யார் எப்போது பணம் கட்டினார் என்று கேளுங்கள்.

அதிகாலை 2 மணிக்கு நடந்தது முந்தைய இரவு 8.30 என்று அஞ்சலில் வந்தால் லாகர் கிரீன்விச் நேரத்தில் ஓடுகிறது. ஐந்தரை மணி நேரம் கூட்டுங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தும் யாருக்கும் செய்தி வரவில்லையென்றால் பெறுநர் பட்டியலைத் திறந்து பாருங்கள். போன மாதம் பொம்மசந்திராவில் ஓர் ஆலையில் அப்படித் திறந்தபோது ஒரே ஒரு எண் இருந்தது. அழைத்துப் பார்த்தோம். எடுத்தவர் வேலையை விட்டு ஒரு வருடம் ஆகிவிட்டதாம், இப்போது கோயம்புத்தூரில் இருக்கிறாராம். "ஆமாம் சார், தினமும் ராத்திரி மூன்றாவது டேங்க் சூடாகிறது என்று வருகிறது. யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை" என்றார்.